சிவனம்மாவின் அரைப்பேர்

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தையே தூக்கி மலைமேல் வைத்தவள் நான். தனியாளாக, ஒரு பேனாவைக்கொண்டு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். களம் மேலே போனது உண்மை, நான் கடிதம் எழுதியதும் உண்மை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது மட்டும் என் கைவேலை.

அறுபத்தெட்டில் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நான் மாற்றலாகிப் போனபோது, சிவனம்மா கொழுந்து பறிக்கத் தொடங்கி நாலு வருஷமாகியிருந்தது. மூன்று வயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போனவள். குடியிருந்தது மேட்டு லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில். பின்கதவைத் திறந்தால் பத்தடியில் தேயிலை. ஆனால் விடியும்போது பெரட்டுக்களத்தில் நின்று, பேர் கூப்பிடும்போது பதில் சொன்னால்தான் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. பிந்தி வந்தால், பொழுது சாயும்வரை பறித்தாலும் அரைப்பேர்தான், பாதிக் கூலி.

களமோ கீழே, தொழிற்சாலைக்குப் பக்கத்தில். இருநூறு படிகள். (பேரப்பிள்ளைகளிடம் அறுநூறு என்று சொல்லியிருக்கிறேன்.) இருட்டோடு கிளம்பி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். பாதி வழியிலேயே பெரட்டு கலைந்து, கூடைகளோடு சனம் ஏறி வரும். அவளும் கீழே போய்த் தலையைக் காட்டிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்ப ஏறுவாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததற்கும் அதே படிகள்தான் காரணம். பள்ளிக்கூடமும் கீழேதான் இருந்தது.

பெரட்டில் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை வீரசிங்கத்தின் வீடு மேட்டு லயத்துக்கு அடுத்தது. பேர்ப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தினமும் அவள் வாசலைத் தாண்டித்தான் அவர் இறங்குவார். ஒருநாள் அவரிடம் கேட்டுவிட்டாள்.

“என் பேர மட்டும் இங்கயே கூப்பிட்டுட்டுப் போங்கய்யா. வாசல்ல நின்னு ஆமாங்கன்னு சொல்றேன்.”

“இன்னிக்கு ஒனக்கு வாசல்ல கூப்பிட்டா, நாளைக்கு மத்தவளுக படுக்கையில இருந்தே கையத் தூக்குவாளுக.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். தானும் சிரித்ததாகச் சொன்னாள். அழுதுவிட்டு மலையேற முடியாது என்றாள்.

அதன்பிறகுதான் என்னிடம் வந்தாள். பதுளையில் ஆங்கிலம் படித்த மிடுக்கில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன், அதுவே வினையாயிற்று. ஐந்து மாதம் கழித்துத் தோட்ட ஆபீஸிலிருந்து பதில் வந்தது. பேரை எங்கே கூப்பிடுவது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. களத்துக்கு வர முடியாதவள் வேலைக்கே தகுதியானவள்தானா, தோட்ட மருந்துக்காரரிடம் காட்டிச் சான்று வாங்கி வரட்டும், அதுவரை அரைப்பேரும் வேண்டாம் என்று இருந்தது.

மருந்துக்காரர் காலைத் தட்டிப் பார்த்தார். கொழுந்து பறிக்கும் விரல்களைப் பார்க்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். பதினோரு நாள் அவள் பின்கதவில் உட்கார்ந்து, தன் தேயிலை நிரையை வேறொருத்தி பறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் என்னிடம் வந்தாள்.

“எழுதுனதத் திருப்பி வாங்கிக்கங்க டீச்சர். எனக்கு அரைப்பேரே போதும்.”

வாங்கிக்கொண்டேன். மனுவைத் தள்ளிவிடுமாறு நானே கேட்டு எழுதிய அந்த மூன்று வரிக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும், பெரட்டு மேட்டு லயத்துக்குப் பக்கத்துச் சமதரைக்கு ஏறி வந்தது. சிவனம்மா தன் வாசலிலேயே நின்று பதில் சொன்னாள். முழுப்பேர். என் முதல் கடிதத்தைத் தோட்டத்தை நடத்தும் துரை பிந்திப் படித்து, மனம் கசிந்து, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தானே மலையேறி வந்தார் என்றுதான் வீட்டில் சொல்லி வருகிறேன்.

இதை எழுதும்போது சிவனம்மா பதுளைக்கு வந்து, என் பக்கத்தில்தான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

“தொரயும் வரல, கடுதாசியும் வரல டீச்சர். கணக்கப்பிள்ளை அய்யா மழையில வழுக்கி விழுந்து அவருக்கு முட்டி போயிருச்சு. அவரால எறங்க முடியல, களம் ஏறி வந்துச்சு. அவரு மாறிப் போன மறுநாளே பழையபடி கீழதான். பதினாலு மாசம் எனக்கு முழுப்பேரு இருந்துச்சு. அத மட்டும் கூட்டாம எழுதுங்க.”