விளக்குக்கு மேலே இருந்த பெட்டி

எனக்கென்று கொடுக்கப்பட்ட அறையில் சாமிகளும் இருந்தார்கள். மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் அப்பா வாங்கிய வீட்டில் வேறு இடம் இல்லாததால், என் கட்டிலுக்கு எதிர்ச்சுவரோரம் ஒரு சிறு மேசையில் பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் குடியிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தச் சுவரில் ஒரு ஹொக்கி வீரனின் படத்தை ஒட்ட வேண்டும் என்பதே அந்தக் குளிர்காலத்தில் என் வாழ்க்கையின் இலட்சியம். அவனுக்கு முன்பற்கள் இல்லை. "சாமிக்குப் பக்கத்திலை உந்தப் பல்லுப்போனவனை ஒட்டப்போறியோ?" என்று அம்மா கேட்டதோடு என் விண்ணப்பம் தள்ளுபடியானது.

இன்று என் பிள்ளைகள் என்னைக் கிழவன் என்கிறார்கள். மறுக்க முடியவில்லை. அந்தப் படத்துக்காக நான் செய்ததை இனியாவது ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு ஹீற்றிங் கொம்பனியில் உதவியாளாக நின்று தொழிலைப் பிடித்துக்கொண்டவர். எங்கள் வீட்டின் பழைய பொயிலரைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, சுடுநீர் ஓடச் செப்புக் குழாய்களை இழுத்து, அறைக்கு அறை இரும்பு ஹீற்றர் வைத்ததெல்லாம் அவர்தான். சனி ஞாயிறுகளில் வந்து தனியாளாகச் செய்தார். அது அவருடைய முதல் சொந்த வேலை. இதைப் பார்த்து யாராவது இன்னொரு வேலை தந்தால் கொம்பனியை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கலாம், கொழும்பில் காத்திருக்கும் மாமியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

கடைசியாக அவர் பூட்டியது ஹோல் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதைப் பூட்டுவதற்கு முன் வீடு முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜன்னலோ வாசற்கதவோ இல்லாத சுவர் ஒன்றுதான் தேறியது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான்தான் ஸ்க்ரூக்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மருமோன், இதுதான் வீட்டின்ரை மூக்கு," என்றார். "வீடு குளிருதெண்டு இது மணந்து பிடிச்சால்தான் கீழை பொயிலர் எரியும். இதுக்குக் கிட்ட விளக்கு, ரிவி, சூடான சாமான் ஒண்டும் வைக்கக்கூடாது. வைச்சால் வீடே சூடெண்டு நினைச்சுப் பொயிலரை நிப்பாட்டிப்போடும். அம்மாட்டச் சொல்லு, என்ன?"

"ஓம் மாமா," என்றேன். அன்று மாலையே மறந்துபோனேன். மறதி ஒரு பிழையல்ல. பிழை பிறகுதான் நடந்தது.

அம்மாவுக்குக் கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம் ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் வீடு வாங்கியிருந்தது. வீட்டுக்காரர் தமிழ்நாட்டுக்காரர், எஞ்சினியர். அந்த வீட்டுக்கு முழுவதும் புது ஹீற்றிங் போட வேண்டியிருந்தது. மாமாவின் வேலையை வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். அம்மா இரண்டு நாளாக வீட்டைத் துடைத்தாள். நான் என் சந்தர்ப்பத்தைக் கண்டுகொண்டேன்.

"அம்மா, வாறவர் கும்பிடுற ஆள். சாமி அறைக்குள்ளை ஒளிச்சுக் கிடந்தால் என்ன நினைப்பார்? ஹோலிலை வைப்பம்."

என் பக்தியைக் கண்டு அம்மா நெகிழ்ந்துபோனாள். ஜன்னலும் கதவும் இல்லாத அந்த ஒரே சுவரை அவளும் தேர்ந்தெடுத்தாள். மேசையைத் தூக்கி வைத்தோம். குத்துவிளக்கு சரியாகப் பெட்டிக்குக் கீழே வந்தது. பெட்டி கண்ணை உறுத்தியதால் அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் பூமாலையைத் தொங்கவிட்டாள். அந்தக் கணத்தில் எனக்கு மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னால் மேசை என் அறைக்குத் திரும்பிவிடும். நான் போய்ப் படத்தை ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை வெளியே மூக்கு விறைக்கும் குளிர். விருந்தாளி வருகிறார் என்று அம்மா பொழுதுபட முன்பே ஐந்து திரியும் ஏற்றிவிட்டாள். அவர் வந்து சேர்ந்தபோது நாங்கள் ஸ்வெற்றருக்கு மேல் ஸ்வெற்றர் போட்டிருந்தோம். மாமா அவர்கூடவே வந்தார். முகம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

இருவரும் நேரே பேஸ்மெண்டுக்கு இறங்கினார்கள். நானும் பின்னால் போனேன். எஞ்சினியர் டோர்ச் அடித்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார், ஈயம் வைத்த மூட்டுகளை விரலால் தடவினார். "ஜாயின்ட் எல்லாம் ரொம்ப சுத்தமா பண்ணியிருக்கீங்க தம்பி. கோடு போட்ட மாதிரி இருக்கு." மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொயிலர் ஏன் சத்தமில்லாமல் இருக்கிறது என்று அவர் காது கொடுத்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

மேலே வந்து ஹோல் ஹீற்றரில் எஞ்சினியர் கை வைத்தார். எடுத்தார். அடுத்த அறை ஹீற்றரிலும் வைத்தார். கழற்றிய கோட்டை மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்னங்க இது, ஐஸ் மாதிரி இருக்கு?"

மாமா நிமிர்ந்து பெட்டியைத் தேடினார். பூமாலையைக் கண்டார். விளக்கைக் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார். குசினிப் பக்கம் கூட்டிப்போய்க் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"அம்மாட்டச் சொன்னனீயே?"

"ஓம். சொன்னனான்."

"வடிவாச் சொன்னனீயே?"

"ஓம் மாமா. அம்மாதான் பரவாயில்லை எண்டவ."

அவர் நிமிர்ந்தார். ஹோலுக்குத் திரும்பிப் போய், "இண்டைக்கு ஏதோ பிழை சேர். என்ரை பக்கம்தான்," என்றார். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்துகொண்டே வைத்த அக்காவை விருந்தாளி முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பார்?

"உங்க வேலை அழகா இருக்கு. ஆனா எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு. ரிஸ்க் எடுக்க முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி," என்றார் எஞ்சினியர். போகும்போது சாமி மேசையின் முன் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். அவருடைய நெற்றிக்கு நேரே, பூமாலைக்குள் பெட்டி இருந்தது.

கதவு சாத்தியதும் அம்மா மாமாவிடம் திரும்பினாள். "என்னடா தம்பி, இப்பிடி மானத்தை வாங்கிப்போட்டாய்?"

மாமா கோட்டை எடுத்தார். பிறகு சப்பாத்தைப் போட்டார்.

"தேத்தண்ணி ஊத்திப்போட்டன். குடிச்சிட்டுப் போவன்," என்றாள் அம்மா.

"வேண்டாம் அக்கா. வாறன்."

மறுநாளே, புகை பட்டுச் சுவர் கறுக்கிறது என்று சொல்லி, விளக்கை மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளிவைத்தேன். அந்த வீடு பிறகு ஒருநாளும் குளிரவில்லை. மாமா அந்தக் கோடையில் ரொறொன்ரோவுக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். மாமி வரப் பல வருடம் பிடித்தது. கல்யாண வீடுகளுக்கு வருவார், அம்மாவோடு இரண்டு சொல் கதைப்பார், சாப்பிட்டதும் வெளிக்கிட்டுவிடுவார். "நான் அவனுக்கு என்ன செய்தனான்?" என்று அம்மா என்னிடம்தான் கேட்பாள். நான் தெரியாது என்பேன். படித்தேன், பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். அப்போதும் தெரியாது என்றேன்.

மாமாவின் செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், காரில், அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப, நான் வேணுமெண்டு செய்தனான் எண்டுதான் அவன் கடைசிவரைக்கும் நினைச்சவன்?" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை, மாமா போன பிறகு, எண்ணெய் தீர்ந்து விளக்கு தானாக அணைந்தது. கொஞ்சத்தில் கீழே பொயிலர் உறுமத் தொடங்கியது. நான் என் அறையில் ஹீற்றர்மேல் பாதங்களை வைத்துக்கொண்டு, பல்லில்லாத அந்த வீரனைப் பார்த்தபடி இருந்தேன். பஸ் தரிப்பில் பனிக்குள் நிற்கும் மாமாவைப் பற்றி எனக்கு எந்த நினைவும் இல்லை. யாரும் ஏசவில்லை, கால் சுடுகிறது, சுவர் என்னுடையது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.