ஏழுமலை பார்த்த பார்டர்

போன மாதம் நேபாளம் போய் வந்தேன். அந்த நாட்டில் நான் இருந்தது மொத்தம் ஒரு டீ குடிக்கிற நேரம். சிரிக்காதீர்கள் – அதற்காகத் திருவண்ணாமலையிலிருந்து பீகார் கடைசி வரைக்கும் காரிலேயே போனோம்.

'போனோம்' என்றால் நானும் ஏழுமலையும். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் டாக்சி ஓட்டுகிறான். சொந்த அம்பாசடர். சவாரி வருவதெல்லாம் வெள்ளைக்காரர்கள்தான். அதில் பாதிப்பேர் ஐரோப்பாவிலிருந்து வேனிலேயே வந்தவர்கள். ஒரு பார்டரில் ராத்திரி முழுக்க உட்கார வைத்தது, இன்னொரு பார்டரில் டூத்பேஸ்ட்டைப் பிதுக்கிப் பார்த்தது... பின்சீட்டில் அவர்கள் சொல்லும் இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, ஏழுமலைக்கும் ஆசை வந்துவிட்டது.

“ஒரு பார்டரையாவது தாண்டிப் பாத்துடணும்டா. ஆனா பாஸ்போர்ட் இல்லாம எவன் வுடுவான்?”

“நேபாளத்துக்கு நமக்குப் பாஸ்போர்ட் வேணாம்டா.”

எனக்குப் பசுபதிநாதரைப் பார்க்க வேண்டும். அவனுக்குப் பார்டரைப் பார்க்க வேண்டும். வேறென்ன வேண்டும்? சீசனில் உனக்கு எப்படி நேரம் ஒழிந்தது என்று கேட்டதற்கு, “சவாரி கம்மிடா” என்றான். உடனே கார் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

டிக்கியில் ஒரு மூட்டை வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பாட்டில் நிறையப் புளிக்காய்ச்சல். நாக்பூர் தாண்டியதும் வழி கேட்க என்னுடைய அரைகுறை ஹிந்தி. அது தோற்ற இடங்களில் ஏழுமலையின் இங்கிலீஷ். மத்தியப் பிரதேசத்து லாரி டிரைவர்களை எல்லாம் “ஹலோ மை ஃப்ரெண்ட்” என்று கூப்பிட்டான். அவர்களும் நின்று வழி சொன்னார்கள். என் ஹிந்திக்கு ஒருவர்கூட நிற்கவில்லை.

பார்டர் வரப்போகிற அன்று காலையில் ஏழுமலை ஷேவ் செய்து, குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். ஆர்.சி. புத்தகத்தையும் லைசென்சையும் கையெட்டுகிற இடத்தில் வைத்தான். பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இப்படிக் கிளம்பவில்லை. நான் கூடப் போனவன், எனக்குத் தெரியும்.

பீகாரின் கடைசி ஊரான ரக்ஸாலில் ஒரே ஜட்கா, ரிக்‌ஷா, மாட்டுவண்டி, புழுதி. கூட்டத்தோடு கூட்டமாக ஊர்ந்து ஒரு பாலத்தைத் தாண்டி, ஒரு டீக்கடையில் நிறுத்தினோம்.

“பார்டர் எங்க இருக்குதுனு கேளுடா.”

கேட்டேன். டீக்கடைக்காரர் கரண்டியை எங்களுக்குப் பின்னால் நீட்டினார். தாண்டி வந்துவிட்டீர்கள், இது நேபாளம் என்றார்.

ஏழுமலை கிளாசைக் கீழே வைத்துவிட்டான்.

“ஒருத்தனும் நிறுத்தலியேடா.”

“நிறுத்தலன்னா நல்லதுதான?”

“இன்னாடா நல்லது? ஒரு மனுசன் நாடு தாண்டி வரான். யார் நீன்னு ஒரு வார்த்தை கேக்க வாணாமா?”

அவமானப்பட்டவனை எப்படிச் சமாதானம் செய்வது? டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் காரில் ஏறினான். “திரும்பிப் போயி மொதல்லேர்ந்து ஒழுங்கா வரலாம்” என்று வண்டியை இந்தியாவுக்கே திருப்பினான்.

போகும்போதுதான் யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கிருந்து வரும்போது? ஃபாரின் சரக்கெல்லாம் அந்த வழியாகத்தானே உள்ளே வருகிறது. விசில் பறந்தது. எங்கள் ஊரிலிருந்து கிளம்பி இத்தனை தூரம் வந்ததில், முதல் தடவையாக ஒருவர் எங்களை நிறுத்தினார். அவர் நம் நாட்டு கஸ்டம்ஸ் ஆபீசர்.

நேபாளத்துக்கு எப்போது போனீர்கள் என்றார். இப்போதுதான் என்றேன். என்ன வாங்கினீர்கள் என்றார். டீ என்றேன். எத்தனை கிலோ என்றார்.

இரண்டு கிளாஸ் என்றதை அவர் ரசிக்கவில்லை. ஒரு டீக்காக இந்தியாவின் இன்னொரு கோடியிலிருந்து யாராவது வருவார்களா? டிக்கி திறந்தது. மல்லாட்டை மூட்டைக்குள் கம்பி இறங்கியது. அதே கம்பி புளிக்காய்ச்சலுக்குள்ளும் இறங்கியது. ஏழுமலை முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“சார், ஸ்டெப்னி அடியில பாக்கலியே நீங்க. இருங்க, நானே எடுத்துத் தரேன்.”

சந்தேகம் ஜாஸ்தியாக வேறென்ன வேண்டும்? ஆபீசர் பின்சீட்டை வெளியே எடுக்கச் சொன்னார். ரெக்சினில் ஓர் இடத்தில் நீளமாகத் தையல். அதைத் தடவிப் பார்த்தவர், பிளேடு வாங்கிக் கிழித்து, தேங்காய் நாருக்குள் கையை விட்டார். கை வெளியே வந்தபோது அதில் ஒரு வாட்ச். ஃபாரின் வாட்ச்.

வண்டியைப் பிடுங்கிக்கொண்டால் அவன் குடும்பமே காலி. ஏழுமலையோ ஆபீசரின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுகிறான்.

“எல்சாம்மா வாட்ச்சுடா இது. நான் திருடிட்டேன்னு சொல்லிச்சே, அந்த வாட்ச்சு.”

அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. எல்சா, ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் சுவிஸ் நாட்டுப் பாட்டி. வருஷா வருஷம் வருகிறவள். போன வருஷம் இவன் வண்டியில் வேலூர் போய் வந்த அன்று வாட்ச் தொலைந்திருக்கிறது. கிழிசல் வழியாக சீட்டுக்குள் விழுந்தது தெரியாமல் இவன் அதை அப்படியே தைத்துவிட்டான். பாட்டி இவன் மேல் சந்தேகப்பட்டு ஆசிரமத்தில் நாலு வெள்ளைக்காரர்களிடம் சொல்ல, அவர்களெல்லாம் வேறு டாக்சிக்குப் போய்விட்டார்கள். சவாரி ஏன் கம்மி என்று இப்போது புரிந்தது.

அத்தனையையும் என் ஹிந்தியில் சொன்னேன். ஆபீசருக்கு என்ன புரிந்ததோ... வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எல்சா என்று பெயர் வெட்டியிருந்தது. ஏழுமலையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். வாட்ச்சிலிருந்த நாரை ஊதிவிட்டு அவன் கையிலேயே கொடுத்தார்.

“வாடா, ஊருக்குப் போலாம்.”

“பசுபதிநாதர்?”

“அவரு அங்கயேதான் இருக்கப்போறாரு. எல்சாம்மா இந்த மாசம் சுவிஸ் போயிடும்.”

திரும்பினோம். வாட்ச்சை வாங்கிய பாட்டி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். நேபாள பார்டரில் என்றான் ஏழுமலை. பாட்டி முகம் மாறியதைப் பார்த்து நான் குறுக்கே புகுந்து முழுக்கதையையும் சொன்னேன். கண் கலங்கி, அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. அவன் காரிலேயே முன்சீட்டில் ஏறிக்கொண்டு, செங்கம் ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை ஒவ்வொரு கடையாக நிறுத்தச் சொன்னாள். இறங்கி, தனக்குத் தெரிந்த தமிழில் சத்தமாக அறிவித்தாள்: “ஏழுமலை திருடன் இல்லை.” காய்கறிக் கடை, சைக்கிள் கடை, சலூன் – எதையும் விடவில்லை. இவனும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் போய் நின்று கும்பிட்டான்.

இப்போது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஏழுமலை திருடன் இல்லை என்று. அன்றுவரை பாதி ஊருக்கு அந்தச் சந்தேகமே இருந்ததில்லை.