கண்மாய் தெளிந்த மூன்றாம் நாள்

எங்கள் வீட்டுக் கக்கூஸ் குழாய் கண்மாய்க்குப் போகும் வாய்க்காலில்தான் முடிந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நான் பொய்யன்.

ஆனையூரைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். வயல்கள் பிளாட் ஆகின, பிளாட்டில் வீடு வந்தது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குழாய் வாய்க்காலுக்கு வந்தது. கண்மாய்த் தண்ணீர் பச்சையானது. அப்புறம் பெயின்ட் கொட்டியது போலக் கெட்டியானது. காற்று கரைப் பக்கம் அடித்தால் பாசி ஏடு கட்டி ஒதுங்கி நாறும்.

என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, கரையை ஒட்டிக் குடியிருக்கிறாள். புருஷன் செத்துப் பல வருடம் ஆகிறது. ஒரே ஒரு எருமை. அதன் பாலில்தான் அவள் அடுப்பு எரிந்தது. எருமை பச்சைத் தண்ணீரை மோந்து பார்த்துத் திரும்பிய அன்றைக்கே அதைக் கண்மாயில் இறக்குவதை நிறுத்திவிட்டாள். தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து ஊற்றினாள். வெயிலில் எருமைக்குக் குடிக்க மட்டும் போதாது, உடம்பு முங்கிக் கிடக்க வேண்டும். பாதி நாள் அவளுக்குக் குடத்தோடு போயிற்று.

பங்குனியில் எங்களுக்கு மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே வலையும் கூடையுமாகத் தண்ணீரில் இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது. குழம்பு வைத்து, வந்த சொந்தக்காரர்களுக்குப் போட வேண்டும். முந்தின வருடம் திருவாதவூரிலிருந்து வந்த என் மச்சினன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்: “ஏன் மாப்ள, இங்க மீனைத் திங்கிறீகளா, இல்ல தின்னதையே திரும்பத் திங்கிறீகளா?” கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு வருடமாக அந்தச் சிரிப்பு காதில் கிடந்தது.

நான் கண்மாய்க் கமிட்டியில் இருந்தேன். இந்தத் தடவை திருவிழாவுக்குள் தண்ணீரைத் தெளியவைத்தே ஆக வேண்டும் என்று கூட்டம் போட்டோம். பசுமலையிலிருந்து, கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஒரு அம்மாவைக் கூப்பிட்டிருந்தோம். அவர் பாட்டிலில் தண்ணீர் மொண்டு வெயிலில் தூக்கிப் பார்த்தார். பாசிக்குச் சோறு வாய்க்கால் வழியாக வருகிறது, அதை முதலில் அடையுங்கள் என்றார். கோடையில் தண்ணீர் வற்றும்போது அடியில் கிடக்கும் கறுப்புச் சகதியை அள்ளுங்கள், அதுவும் பாசிக்குச் சோறுதான். வாய்க்கால் வாயில் கோரை வளர்த்தால் மிச்சத்தை அது உறிஞ்சும். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகும்.

சீக்கிரம் ஆகிற வழி இல்லையா என்று கேட்டோம். மயில்துத்தம் போட்டால் பாசி சாகும் என்றார். ஆனால் ஒரே நாளில் முழுக் கண்மாய்க்கும் போடாதீர்கள், ஒரு மூலையாகப் போடுங்கள். சாகிற பாசி தன் விஷத்தைத் தண்ணீரில் விட்டுவிடும். சில வாரம் ஆடு மாடு இறங்கக் கூடாது. “தண்ணி தெளிவாத்தான் தெரியும். அதை நம்பிடாதீங்க.”

இது என் காதில் நன்றாக விழுந்தது.

வாய்க்காலை அடைப்பது என்றால் வீட்டுக்கு வீடு கக்கூஸ் குழி வெட்ட வேண்டும். வாய்க்காலில் முதல் குழாய் என்னுடையது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “திருவிழாவுக்கு மூணு வாரம்கூட இல்ல. மொதல்ல துத்தம். குழாயைப் பெறகு பாப்போம்.” ஒருவனும் மறுக்கவில்லை. எல்லார் வீட்டிலும் குழாய் இருந்தது.

துத்தத்தைச் சாக்குகளில் கட்டி, லாரி டியூபில் மிதந்துகொண்டே தண்ணீரில் இழுத்தோம். மூலையாவது ஒன்றாவது. ஒரே நாளில் முழுக் கண்மாயும் முடித்தோம். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்துவிட்டது. முழங்கால் ஆழத்தில் நின்று என் கால் விரலைப் பார்த்தேன். போனில் படம் பிடித்து மச்சினனுக்கு அனுப்பினேன்.

அக்கா எருமையைப் பிடித்துக்கொண்டு கரையில் வந்து நின்றாள்.

“டேய் தம்பி, எறக்கலாமாடா?”

“தாராளமா எறக்குக்கா. கண்ணாடி மாதிரி கெடக்கு.”

அந்த அம்மா சொன்னதை மறந்துவிட்டேன் என்று பிறகு ஊரில் சொல்லித் திரிந்தேன். மறக்கவில்லை. இவ்வளவு தெளிந்த தண்ணீர் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஆகாது என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள், பேச்சு திரும்ப என் குழாய்க்கு வரும். அதுவும் இருந்தது.

எருமை கழுத்துவரை முங்கிக் கிடந்தது. எத்தனையோ நாள் கழித்து, வயிறு புடைக்கக் குடித்தது. அக்கா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் எருமையால் எழுந்திருக்க முடியவில்லை. மாட்டு டாக்டர் வந்தார். உச்சி வெயிலுக்குள் செத்துவிட்டது.

அதற்கு அடுத்த நாள் விடிந்தபோது கண்மாய் முழுக்க மீன்கள் வாயை மேலே நீட்டிக்கொண்டு நின்றன. செத்துப்போன பாசி அடியில் அழுகி, தண்ணீரில் காற்றே இல்லாமல் போயிருந்தது. பொச் பொச் என்று ஒரு சத்தம், கண்மாய் முழுக்க. வெயில் ஏறியதும் சத்தம் நின்றது. வெள்ளை வயிறுகள் மிதந்தன. திருவிழா நடக்கவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஒன்னையத்தான்டா கேட்டேன்” என்றாள்.

நான் குழி வெட்டி, குழாயைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். மற்றவர்கள் அடைக்கவில்லை. ஆடிக்குள் தண்ணீர் திரும்பப் பச்சையாகிவிட்டது. இந்த வருடம் கமிட்டி ஏதோ பவுடர் போடலாம் என்கிறது, ஒரு வாரத்தில் தெளியுமாம். குழாய்களை அடைக்காமல் எதுவும் போடக் கூடாது என்று எழுந்து சொன்னேன். “துத்தம் பேசுது” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். இப்போது ஊரில் எனக்கு அதுதான் பெயர். தம்ளரில் தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் எனக்கு உடனே வாயில் வைக்க வரவில்லை. அந்தப் பொச் பொச் சத்தம் கேட்கிறது.

அக்கா ஒரு கிடேரிக் கன்று வாங்கியிருக்கிறாள். திரும்பக் குடம் தூக்குகிறாள். போன வாரம் தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். கன்று மூக்கை நீட்டியது. அக்கா அதன் கயிற்றைச் சுண்டி இழுத்துக் கட்டினாள். நான் வைத்த குடத்தைச் சாய்த்து முழுவதையும் மண்ணில் கொட்டினாள். பிறகு வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி அதே குழாய்க்குப் போனாள்.