அந்த ஃபோனை எடுக்க ஒரு ஆள்

நகரசபையில் டெலிபோன் எடுக்கும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன் என்று கன்ட்ரோல் அக்கா சொன்னபோது, அவளுடைய கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன், வீட்டுல வாங்குற திட்டு பத்தலையா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அந்த ஊரில் எல்லோருக்கும் திட்டுவதற்குப் பொதுவாக இருந்த ஒரே இடம் நகரசபைதான். வெளியே நின்று திட்டுவது சுகம். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அதை வாங்கிக் கட்டிக்கொள்ள யார் ஆசைப்படுவார்கள்?

கன்ட்ரோல் என்பது அவள் பெயரில்லை. டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு டாக்ஸி கம்பெனி இருந்தது. ஒரு ஜன்னல், சுவர் நிறைய ஊர் வரைபடம், ஒரு மேஜை, மூன்று டெலிபோன், ஒரு வயர்லெஸ். அந்த மேஜையில்தான் அவள் இளமை முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர்கள் வயர்லெஸ்ஸில் "கன்ட்ரோல், கன்ட்ரோல்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராக நின்றுவிட்டது. கூப்பிட்டவர்களில் ஒருவரைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். "நாங்கல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்டாட்டி சொன்ன இடத்துக்குப் போய்ப் பழகினவங்க" என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்வார்.

அந்த மாடியறைக்கு எழுதாத சட்டங்கள் இரண்டு இருந்தன. ஃபோன் மணியை நீள விடக்கூடாது. விட்டால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியின் தலை உயரும். இன்னொன்று, வண்டி அடுத்த தெருவில் நின்றாலும் சரி, பாலத்துக்கு அந்தப் புறம் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாலும் சரி, கூப்பிட்டவருக்குப் பதில் ஒன்றுதான்: "அஞ்சு நிமிஷத்துல வந்துடும், வாசல்ல நில்லுங்க." அந்தத் தொழிலில் அதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. வணக்கம் சொல்வது மாதிரி அது. உள்ளதைச் சொன்னால் அவர்கள் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

பிறகு எல்லோர் கையிலும் செயலி வந்தது. விரலால் தொட்டால் வண்டி வந்து நின்றது. மாடியறையை டயர் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். அவள் கணவர் செயலியில் சேர்ந்து வண்டி ஓட்டினார். அவளைச் சேர்த்துக்கொள்ள எந்தச் செயலியும் இல்லை.

வீட்டில் இருந்த காலத்தில் அவளுடைய கைபேசி அடித்தால், அநேகமாகக் கடன் வேண்டுமா என்று கேட்கும் பதிவு செய்த குரல்தான். அதையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். மகளுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. அதற்கிடையில் நாத்தனார் தன் துணிக்கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னறையில் உட்கார்ந்து சட்டைகளை மடித்து அட்டை வைத்து உறையில் போடும் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. நிழல், மின்விசிறி, மதியம் கடையடைத்தால் தூங்கவும் செய்யலாம். ஆனால் அந்த அறைக்குள் நாளெல்லாம் ஒரு மனிதக் குரல் வராது. நகரசபை வேலைக்கு வயது வரம்பு இருந்தது. அதற்குள் அவள் வருவது இதுதான் கடைசித் தடவை. இது கிடைக்காவிட்டால் மாதம் பிறந்ததும் வந்துவிடுகிறேன் என்று நாத்தனாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஏன் அந்த வேலை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கணவரிடம், ஓய்வூதியம் வருமே என்றாள். நாத்தனாரிடம், நடந்து போகிற தூரம் அண்ணி என்றாள். அண்ணி உதட்டைப் பிதுக்கி, கடையும் நடந்து வருகிற தூரம்தான் என்று நினைவுபடுத்தினாள். மகள்தான் விவரமானவள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுதான் வரும் என்று சொல்லி, 'பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரிய வாய்ப்பாக இதனைக் கருதுகிறேன்' என்று ஒரு வாக்கியம் தயாரித்துக் கொடுத்தாள். அவள் அதைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மா, நீ சொல்றதைக் கேட்டா பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு கேக்கற மாதிரியே இருக்கு" என்றாள் மகள். "கொஞ்சம் மனசுலேருந்து சொல்லேன்."

மனதில் வேறொன்று இருந்தது. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நகரசபைக் கட்டடம் எந்த ஊரிலும் இருப்பதுபோலவே இருந்தது. பாதிச் சுவர் வரை எண்ணெய்ப் பூச்சு, படிக்கட்டு மூலையில் உடைந்த நாற்காலிகளின் குவியல், பழைய காகிதமும் கிருமிநாசினியும் கலந்த வாசனை. நடைகூடத்து பெஞ்சில் பட்டதாரிப் பெண்களும் பையன்களும் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அவர்களுடைய அத்தை வயது. கூட வந்தவர் என்று நினைத்து ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஆணையர்; மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த, நிதானமான அம்மாள். ஒரு பக்கம் பொறியாளர், மறு பக்கம் அலுவலக மேலாளர். மேஜையில் ஒரு டெலிபோன். ஆணையருக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. அன்று காலை ஊர்க்காரர்கள் புகார் சொல்லும் எண்ணை அந்த மேஜைக்கே திருப்பிவிடச் சொல்லியிருந்தார். வருகிற ஆள் ஒரு நிஜ அழைப்பை எடுக்கவேண்டும், கேள்வியெல்லாம் அதற்கப்புறம்தான்.

அக்கா உட்காரக் கூட இல்லை, மணி அடித்தது. அது அடித்து முடிவதற்குள் அவள் கை போய் எடுத்துவிட்டது. மேலாளர் திடுக்கிட்டார்.

மறுமுனையில் ஒரு பெண். சாக்கடை பொங்கித் தரைத்தளத்து வீட்டுக்குள் வருகிறது என்றாள். அப்பா படுத்த படுக்கை, தனியாகத் தூக்க முடியாது என்றாள். அக்கா அவசரப்படவில்லை. எந்தத் தெரு, எந்தக் கடைக்கு எதிரே, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கட்டில் உயரமா தாழ்வா, திரும்பக் கூப்பிட எந்த எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். பல நாள் கழித்துச் சொந்த வீட்டுக்குள் நுழைந்தவள் மாதிரி இருந்தது அவளுக்கு. ஆணையர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கவனித்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிக்கிற இடத்தில் அவள் வாய், அவளைக் கேட்காமலே, தன் பழைய பாதையில் போய்விட்டது.

"அஞ்சு நிமிஷத்துல வந்துடும்மா, வாசல்லயே நில்லுங்க."

திருப்தியோடு ஃபோனை வைத்தாள்.

"எதும்மா வரும்?" என்றார் பொறியாளர்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டி, லாரி என்று என்னவோ முனகினாள்.

ஊருக்கே கழிவுநீர் உறிஞ்சும் லாரி ஒன்றுதான், அது பட்டறையில் நிற்கிறது, சாயங்காலத்துக்குள் வந்தால் பெரிய விஷயம் என்றார் பொறியாளர். இந்த நகரசபை ஆரம்பித்த நாளிலிருந்து ஐந்து நிமிடத்தில் எதுவும் எங்கும் போனதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அதைக் கொஞ்சம் பெருமையாகச் சொன்னது போல்கூட இருந்தது. மேலாளர் அவள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீங்கள் போகலாம் என்றார்.

அவள் எழுந்து கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியில் கை வைத்தபோது கண்முன் நின்றது துணிக்கடையின் பின்னறை இல்லை. முகம் தெரியாத ஒரு பெண், அப்பாவை உள்ளே விட்டுவிட்டு வாசலில் நின்று தெருக்கோடியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்ஸிக்கு அப்படி நின்றவர்களுக்கு தாமதமானாலும் ஒரு டாக்ஸி வந்தது. இவளுக்கு என்ன வரும்?

அவள் திரும்பினாள். "மேடம், ஒரே ஒரு ஃபோன் பண்ணிக்கறேன். அப்புறம் போயிடறேன்."

ஆணையர் ஃபோனை அவள் பக்கம் நகர்த்தினார். டாக்ஸி கம்பெனியில் இப்படி ஒரு அழைப்பை அவள் செய்ததே இல்லை.

"நகரசபையிலேருந்து பேசறேம்மா. இப்ப சொன்னது தப்பு. லாரி ரிப்பேர்ல இருக்கு. சாயங்காலம் ஆகும், அதுவும் நிச்சயமில்லை. நீங்க வாசல்ல நிக்காதீங்க, உள்ள போய் அப்பாவைப் பாருங்க."

மறுமுனை பொரிந்து தள்ளியது. அக்கா ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூன்று பேர் காதிலும் அது விழுந்தது. லாரி வந்துவிடும் என்று நம்பித்தான் மாடிவீட்டுக்காரர்களைக் கூப்பிடாமல் நின்றேன், முதலிலேயே உண்மையைச் சொல்ல என்ன கேடு என்று அந்தப் பெண் கேட்டாள். "கேடுதான்மா. இப்பவே கூப்பிடுங்க அவங்களை. அப்பாவை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க" என்றாள் அக்கா. அந்தப் பக்கம் பட்டென்று வைத்துவிட்டார்கள்.

"திட்டு வாங்கறதுக்குன்னே தேடிப்போய் ஃபோன் பண்றவங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் பொறியாளர். ஆனால் அவரும் தன் கைபேசியை எடுத்துப் பட்டறையைக் கூப்பிட்டார்.

ஆணையர் அவளை உட்காரச் சொன்னார். "உங்களுக்கு இங்க ஏன் வேலை வேணும்?"

பொதுமக்களுக்கு என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அந்த வாக்கியம் வரவில்லை. ஏற்கெனவே எல்லாம் போய்விட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"கோவிச்சுக்கக் கூடாது மேடம். போன மழைக்கு எங்க தெருவுல சாக்கடை மூடி உடைஞ்சு கிடந்தது. இந்த நம்பருக்குப் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்தது, யாரும் எடுக்கலை. சரின்னு நேர்ல வந்தேன். வெளிய நடையில நின்னுக்கிட்டு மறுபடி போட்டேன். என் காதுலயும் மணி அடிக்குது, ஆபீஸ் அறைக்குள்ளயும் மணி அடிக்குது. உள்ள ஆள் இருக்காங்க. யாரும் கெட்டவங்களாத் தெரியலை. ஒருத்தர் எழுதறார், ஒருத்தங்க சாப்பிடறாங்க. ஃபோன் ஸ்டூல் மேல, துணி போட்டு மூடிக் கிடக்கு. எனக்குச் சாக்கடை மூடி மறந்தே போச்சு. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியலை. கவுன்டரைத் தாண்டிக் குதிச்சு எடுத்துடலாமான்னு இருந்தது."

மேலாளர் நாற்காலியில் நெளிந்தார். "எடுக்கறவர் ரிட்டையர் ஆயிட்டாரும்மா. அது என் ஃபோன் இல்லை."

"உங்க ஃபோன் இல்லை சார். யாரோட ஃபோனும் இல்லை. அதனாலதான் எனக்குக் கொடுங்கன்னு கேக்கறேன்."

முடிவைத் தபாலில் அனுப்புவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கணவர் வாசலில் வண்டியோடு காத்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் சிரித்த சிரிப்பில், வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது. ஊர் முழுக்க ஏமாற்றியது போதாதென்று நகரசபையின் பேரிலேயே ஐந்து நிமிடம் கொடுத்தாயா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அழுகை முட்டியதைப் பார்த்த பிறகுதான் அடங்கினார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நீ சொன்ன அஞ்சு நிமிஷத்துக்கெல்லாம் போய்த் திட்டு வாங்கினது நாங்கதான். கதவைத் திறந்ததும் ஆரம்பிப்பாங்க, இறங்கற வரைக்கும் விடமாட்டாங்க. உன் காதுக்கு அது வந்ததே இல்லை. இன்னைக்குத்தான் உன் பங்கு வந்திருக்கு."

இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. அவள் வண்டிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் முடியும் தறுவாயில் உத்தரவு வந்தது. முதலில் தற்காலிகம், பிறகு பார்த்து நிரந்தரம். மகள் தன் வாக்கியம்தான் வேலை வாங்கிக் கொடுத்தது என்று கல்லூரியெல்லாம் சொல்லிவிட்டாள். அக்கா அதை மறுக்கவில்லை. நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் கடையிலிருந்து ஒரு புதுப் புடவையைக் கொடுத்தனுப்பினாள், நகரசபையில் யாராவது எந்தக் கடை என்று கேட்டால் சொல்லச் சொல்லி.

முதல் நாள் அவள் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, ஃபோன் மேலிருந்த துணியை எடுத்து அதாலேயே ஃபோனைத் துடைத்தாள். மூச்சு விட நேரமில்லை. ஊரே காத்திருந்தது போல ஃபோன் அடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுவது அவளுக்குச் சுலபமாக இல்லை. ஒவ்வொரு தடவையும் வாயை இறுக்கி மூடிவிட்டுத்தான் திறந்தாள்.

பதினொரு மணி வாக்கில் பொறியாளர் கைப்பையோடு அந்தப் பக்கம் வந்தார். வெளியே சாலை வேலையைப் பார்க்கப் போவதாகவும், யாராவது தன்னைக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடும்படியும் சொன்னார்.

"இல்லைன்னு சொன்னா எப்ப வருவார்னு கேப்பாங்க சார்."

"மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி வந்துடுவேன்."

"அப்படியே சொல்லிடட்டுமா?"

பொறியாளர் படி வரைக்கும் போனவர் நின்றார். சாலையை, பட்டறையை, இடையில் போக வேண்டிய இன்னும் இரண்டு இடங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது.

"வேண்டாம்" என்றார். "நாலு மணின்னு சொல்லுங்க."