அவள் முடி, என் நேர்ச்சை

என் மகளைக் கேட்காமலேயே அவள் தலைமுடியைத் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துவிட்ட மடையன் நான். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். தனக்குச் சொந்தமில்லாத பொருளை ஒருவன் விற்க முடியாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன். எழுதிவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பூஜை அறையில் நின்று அதையேதான் செய்தேன்.

நம் கார்த்திகை வழிபாட்டுக் குழுவில் இதைச் சாந்தமாக எழுதித் தரச் சொன்னார்கள். முயன்று பார்த்தேன். வரவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டு மலையேறிய சாமிக்கு இது புரியும்.

பிள்ளை பிளஸ் டூ படிக்கிற வீடு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். டிவிக்குத் துணி போர்த்தியாயிற்று. கல்யாண வீடுகளுக்கு நான் மட்டும் போய், சாப்பிட்டுவிட்டுக் குற்றவாளிபோலத் திரும்பி வந்தேன். பள்ளி விட்டதும் என் மகள் ஆனந்திக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நீட் பயிற்சி வகுப்பு. அதன் வாசலில் ஜெயித்த பிள்ளைகளின் படங்கள், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு. ஒரே ஸ்டெதஸ்கோப்பைத்தான் எல்லார் கழுத்திலும் மாற்றி மாற்றி மாட்டிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பிலேயே அவள் வக்கீலுக்குப் படிக்கப்போவதாகச் சொன்னாள். முதலில் டாக்டராகு, பிறகு பார்ப்போம் என்றேன். நகைச்சுவையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

அவளுக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். அந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து மாடியில் உலர்த்துகிற நேரம் மட்டும் அவள் கையில் புத்தகம் இருக்காது. என் தலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இடது காதோரம் வளர்த்து, வழுக்கைக்குக் குறுக்கே வலது காதுவரை படிய வாரிவிட்ட சில இழைகள். காற்றடித்தால் கொடிபோல எழுந்து நிற்கும். அவற்றை நான் பேணிய விதம் ஊரறிந்தது.

தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி, மெடிக்கல் சீட்டு கிடைத்தால் இவள் முடியை இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என் முடியைச் சொல்லத் தோன்றவேயில்லை. குழந்தையாக இருக்கும்போது மடியில் உட்காரவைத்து நாம்தான் மொட்டை போடுகிறோம், காது குத்துகிறோம். யாரைக் கேட்கிறோம்? அவளுக்குப் பதினேழு வயதாகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. அக்காவிடம் மட்டும் போனில் பெருமையாகச் சொல்லி வைத்தேன்.

ஆனி மாதம் முடிவு வந்தது. பார்ப்பதற்கென்றே அக்கா ஆழ்வார்திருநகரியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். மதிப்பெண் போதவில்லை. போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாருக்கும் ஒரே கேள்வி, எத்தனை? நல்லது கெட்டதுக்கு எட்டிப் பார்க்காதவர்களுக்குக்கூட அன்று என் வீட்டு நம்பர் ஞாபகம் வந்தது. அவர்களிடம் குழைந்து குழைந்து பேசிவிட்டு, அந்தக் கோபத்தை எல்லாம் பிள்ளை மேல் கொட்டினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்ற நேரம் புத்தகத்துக்கு முன்னால் இருந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காது என்றேன்.

அக்கா சமாதானம் செய்ய வந்தாள். “சீட்டு கெடைக்கலைன்னாலும் முருகனுக்குச் சொன்னது சொன்னதுதாம்லே. புள்ள முடியை எறக்கிட்டு அடுத்த வருசத்துக்குக் கேளு. படிப்புலயும் கவனம் நிக்கும்.”

ஆனந்தி அவளைப் பார்த்தாள், பிறகு என்னை. “என் முடியையா? யாரைக் கேட்டு நேந்தீய?”

“பெத்தவன் நேரக் கூடாதா?” என்றேன்.

அவள் பூஜை அறைக்குள் போய், முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். போய்விட்டாள். போன் மேஜை மேலேயே கிடந்தது. போய்க் கூட்டி வரச் சொன்னாள் என் மனைவி கோமதி. பசித்தால் தானாக வருவாள் என்று நான் பேப்பரைப் பிரித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. தோழிகள் வீடுகளில் இல்லை. அந்தப் பேப்பரில் இந்த மாதத்தில் வருஷந்தோறும் என்ன செய்தி வருகிறது என்று உங்களுக்கும் தெரியும். “ஆத்துப் பக்கம் பாருங்க” என்று மட்டும் சொன்னாள் கோமதி.

ஸ்கூட்டரை எடுத்தேன். ஜங்ஷன், பாலம், கடைசியில் தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன். அடையாளம் சொல்லச் சொன்னார்கள். எனக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: நீளச் சடை, இடுப்புக்குக் கீழே.

“அப்படி ஒரு புள்ள இங்கன வரலியே அண்ணாச்சி.”

ஆற்றுக்குள் இருக்கிற முருகன் கோயிலுக்கு இறங்கினேன். உச்சி நேரம் கழிந்து நடை சாத்தியிருந்தது. சாத்திய கதவைப் பார்த்ததும் எனக்கு வந்தது பக்தி அல்ல. கும்பிடவில்லை, கத்தினேன்.

“அவ முடியை நீயா கேட்ட? நாந்தானே குடுத்தேன். சீட்டு வேண்டாம், மார்க்கு வேண்டாம், எம்புள்ளையக் குடு. தலைதான் வேணும்னா எந்தலையை எடுத்துக்கோ. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன செய்யுத?”

அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். தலையிலிருந்த இழைகள் காற்றில் எழுந்து நின்றன. வாரிவிடத் தோன்றவில்லை. என் நினைவுக்கு எட்டியவரை அதுதான் முதல் தடவை.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“அப்பா, திருச்செந்தூர்ல இருக்கேன். பூக்காரம்மா போன்ல பேசுதேன்.”

முடி, என்று மட்டும் சொன்னேன்.

“குடுக்கல. குடுக்க மாட்டேன்னு அவருகிட்டயே சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். உங்க முடிச்சை உண்டியல்ல போட்டாச்சு. திரும்ப பஸ்ஸுக்குக் காசில்ல, வந்து கூட்டிட்டுப் போங்க.”

பல நாள் கழித்துத்தான் மீதியைச் சொன்னாள். வீட்டை விட்டு இறங்கும்போது திரும்பி வரும் எண்ணமே அவளுக்கு இருக்கவில்லையாம். வந்து நின்ற திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, வரிசையில் நின்று, சண்டை போடத்தான் சன்னதிக்குப் போயிருக்கிறாள். முன்னால் நின்றதும் ஒன்றும் பேச வரவில்லை. வீட்டில் தேடுவார்கள் என்கிற நினைப்பு மட்டும் வந்திருக்கிறது. வெளியே வந்து முதலில் கண்ணில் பட்ட அம்மாளிடம் போன் கேட்டிருக்கிறாள்.

இங்கே நடை சாத்தியிருந்தது. அங்கே திறந்திருந்தது. நான் இங்கே கத்தியது அங்கே கேட்டிருக்கிறது. தற்செயல் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்களில் யாரும் அன்று அந்தப் படியில் உட்கார்ந்திருக்கவில்லை.

நானும் கோமதியும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, சடையை முன்னால் எடுத்துப் போட்டு ஒரு கையால் பிடித்தபடி பூக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்கு நல்ல நல்ல வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும், சாப்பிட்டியா என்றுதான் வந்தது. இல்லை என்றாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் திருநெல்வேலி வரும்வரை தோளை அசைக்கவில்லை.

இப்போது பாளையங்கோட்டையில் சட்டம் படிக்கிறாள். பெண் பிள்ளைக்கு வக்கீல் தொழில் எதற்கு என்று அக்கா இன்னும் கேட்கிறாள். எத்தனை என்று போன் செய்தவர்கள் இப்போது எவ்வளவு செலவு என்று கேட்கிறார்கள். என் கோபம் தணிந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் அது பிள்ளை பக்கம் திரும்புவதில்லை. போனை எடுத்தால் பதில் நானே சொல்கிறேன், குழையாமல்.

அன்பர்களே, வீட்டில் பரீட்சைப் பிள்ளை இருந்தால் முருகனிடம் போங்கள். மனம் ஆறிய பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம், கொதிப்போடேயே போங்கள். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று கேட்டாலும் அவன் கேட்பான், நான் சாட்சி. ஆனால் எதையாவது நேர்ந்துகொள்வதென்றால் உங்கள் தலையை மட்டும் நேருங்கள்.

ஆவணியில் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய் என் வாக்கை நிறைவேற்றினேன். இத்தனை வருஷம் பேணிய இழைகள் கத்தியின் இரண்டு இழுப்பில் போயின. கடலில் முங்கி எழுந்து, கண் கலங்க, சந்தனம் பூசிக்கொள்ளக் கரைக்கு வந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற ஆனந்தி என் தலையை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மொட்டைக்கு இன்னும் உங்க முறை வரலையாப்பா?”