அறுநூறு மில்லிமீட்டருக்கு ஐந்தடியில் ஒரு மயில்

காலை 7.10. பொள்ளாச்சியில் கொழிஞ்சாம்பாறை வண்டி ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். நான் பார்க்கப்போன பொருள் அறுபத்தெட்டாயிரம்: பறவைகளைப் படம் பிடிக்கும் 150-600 ஜூம் லென்ஸ், செகண்ட் ஹேண்ட், எடை இரண்டு கிலோ. மூன்று மாதமாக இணையத்தில் அபிப்பிராயங்கள் படித்திருந்தேன். பாதிப் பேர் வாங்கு என்றார்கள், பாதிப் பேர் வாங்காதே என்றார்கள். இரண்டுமே எனக்கு நியாயமாகப் பட்டதுதான் சிக்கல்.

8.20. விற்பவர் செந்தில், கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர். "நாலு மணி வரைக்கும் எடுத்துப் பாருங்க. அப்புறம் இத வாங்கறதுக்குச் சித்தூர்க்காரரு ஒருத்தரு வர்றாருங்க" என்று பெட்டியைக் கையில் கொடுத்தார்.

10.05. ஊருக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி, வயல் வரப்பு. தெற்கே நெல்லியாம்பதி மலை. லென்ஸை என் கேமராவில் மாட்டி நிமிர்ந்ததும் வயல்காரர் பழனிச்சாமி வந்துவிட்டார்.

"ஏனுங்க, இதுல எவ்வளவு தூரம் தெரியுமுங்க?"

"ஒரு கிலோமீட்டர் நன்றாகத் தெரியும்."

"அப்பன்னா அந்தக் கரும்பனைக்குக் கீழ எங்க பங்காளி மடையப் பாருங்க. தொறந்திருக்குதா, அடச்சிருக்குதா?"

வாய்க்கால் தண்ணீருக்கு அங்கே முறை உண்டு. பத்து மணிக்குப் பங்காளி மடையை அடைத்தால்தான் இவர் வயலுக்குப் பாயும். நடந்துபோய்ப் பார்த்துத் திரும்புவதற்குள் அரை முறை போய்விடும். பத்து மணி தாண்டியும் மடை திறந்தே இருப்பதையும், பக்கத்தில் ஒருவர் மண்வெட்டிமேல் கையூன்றி நிற்பதையும் சொன்னேன். பழனிச்சாமி போனை எடுத்தார்.

"நடராசு, உம்பட முறை முடிஞ்சுது. மம்பட்டி மேல கைய ஊனிட்டு நிக்காத, மடைய அடை."

லென்ஸுக்குள் நடராசு மண்வெட்டியிலிருந்து கையை எடுத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு ஆகாயத்தைப் பார்த்தார். அன்று நான் எடுத்த ஒரே தெளிவான படம் அதுதான்.

பழனிச்சாமி விலை கேட்டார், சொன்னேன். "அந்தக் காசுக்கு மடைக்கே ஒரு ஆளப் போட்டுரலாமுங்க. நீங்க எதப் பாக்கறதுக்குங்க?"

"பறவைங்க."

"பின்னால நிக்குது பாருங்க."

ஐந்தடியில் ஒரு மயில், தோகையோடு. இந்த லென்ஸுக்கு ஒன்பதடிக்குள் எதுவும் தெளியாது என்று எல்லா அபிப்பிராயத்திலும் படித்திருக்கிறேன். ஆகவே பின்னால் நகர்ந்தேன். நாலாவது அடியில் வரப்பு முடிந்து, இடுப்புவரை சேற்றில் உட்கார்ந்தேன். மயில் அசையவில்லை.

"லென்சு தப்பிச்சுதுங்க!" என்று கத்தினார் பழனிச்சாமி. அப்போதுதான் கவனித்தேன், இரண்டு கைகளும் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தன. நான் சொல்லித் தூக்கியவை அல்ல. என் மூக்குக்கண்ணாடி கழன்று சேற்றில் விழுந்தபோதுகூட அவை உதவவில்லை.

மாலை 4.00. செந்தில் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுச் சேறு இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னங்க முடிவு?"

"வேண்டாம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பெட்டியும் தருவீர்கள் அல்லவா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

5.15. பொள்ளாச்சி வண்டி. காய்ந்த சேற்றைக் கண்டு பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. பெட்டியை அங்கே வைத்தேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் மிகத் தொலைவான பறவை, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்காரும் காகம். இருபதடி இருக்கும். லென்ஸுக்குப் போதும்.