மேசைக்கடியில் தள்ளிய புத்தகம்

அந்தப் பெண்பிள்ளை கேட்ட புத்தகம் என் காலடியில் இருந்தது. தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். பொறாமையால் சொன்னேன். வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

என்னை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தகக் கண்காட்சிகளில் கட்டுப் பிரித்து, அடுக்கி, தூசி தட்டுகிறவள். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கம்மாபுரம் பக்கம் நாங்கள் குத்தகைக்கு உழுத நிலம் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போனது. குத்தகைக்காரருக்கு என்ன கிடைக்கும்? திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். கொச்சியில் இறால் உரித்தேன். இப்போது ஒரு முதலாளியின் புத்தகங்களோடு ஊர் ஊராகப் போகிறேன். ஓரிடத்தில் தங்க எனக்கு வராது.

சென்ற ஆண்டு நெய்வேலிக் கண்காட்சியில் ஒரு நாவல் நன்றாக விற்றது. 'பகலில் சாத்திய கதவு'. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கானது. எழுதியவள் ரெஜினா. என்னோடு படித்தவள்.

அவள் வீடு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. என் அம்மா அங்கே பாத்திரம் துலக்கினாள். விடுமுறையில் நானும் போவேன். நைட் ஷிஃப்ட் முடித்த ஆள் பகலில் தூங்கும் வீடு என்றால் தெருவே குரலைத் தாழ்த்தும். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள்.

"செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கினு வாடி. ஐயா தூங்கிக்கினு இருக்காரு" என்பாள் அம்மா. பாத்திரத்தை வைக்கும்போது முதலில் விரல்களைத் தரையில் பதிப்பாள். அவற்றின்மேல் பாத்திரத்தை இறக்கி, விரல்களை மெல்ல உருவுவாள். சிறு ஓசையும் வராது.

அந்த அமைதிக்கு எவ்வளவு ஏங்கினேன்! எங்கள் குடிசையில் அப்பா குடித்துவிட்டு அடித்தால் ஊருக்கே கேட்கும்.

நாவலைக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். அந்த வீட்டிலும் அடி விழுந்திருக்கிறது... சாத்திய கதவுக்குள், வாயில் துணியை அடைத்துக்கொண்டு அவள் அம்மா அடி வாங்கியிருக்கிறாள். வாசலில் நின்று "அப்பா தூங்குறார்" என்று சொல்லி அனுப்புவது ரெஜினாவின் வேலை.

எனக்கு இரக்கம் வந்ததா? இல்லை! இவளுக்கு அடிகூடக் கதவுள்ள வீட்டில் கிடைத்திருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. எங்கள் அடி எல்லோருக்கும் தெரிந்த அடி. அதை யார் புத்தகமாகப் போடுவார்கள்?

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நாவலில் ஒரு வேலைக்காரி வருகிறாள். வீட்டுக்காரம்மாவின் கிழிந்த உதட்டில் மஞ்சள் வைக்கிறாள். நடுங்கும் சிறுமியை மடியில் போட்டுத் தலை கோதுகிறாள்.

என் அம்மா!

எங்களிடம் அவள் இதையெல்லாம் சொன்னதே இல்லை. வீட்டுக்கு வந்தால், "தள்ளிப் போடி, இடுப்பு வுட்டுப் போவுது" என்பாள். என் காயத்துக்கு நானேதான் மஞ்சள் வைத்துக்கொண்டேன். மடி அங்கேயே தீர்ந்துபோயிருக்கிறது... எனக்கு மிச்சமில்லை.

மறுநாள் ரெஜினா கடைக்கு வந்தாள். கண்டதும் கட்டிக்கொண்டாள். "ஏய் தேவகி, நீயாடி! ஊர் ஊராச் சுத்துறியாமே, இந்த ஊர்ல ரெண்டு நாளாவது நிப்பியா, இல்ல இப்பவே பஸ் ஏறிடுவியா?" சிரித்தாள். பிறகு, "உங்கம்மா இல்லன்னா நான் இல்லப்பா. இதுல வர்றாங்க, படிச்சியா?" என்றாள்.

"எனக்கு ஏது நேரம்? கட்டுத் தூக்கவே சரியா இருக்கு."

அம்மா இறந்துவிட்டதை அவளிடம் சொல்லவில்லை. அந்தத் துக்கத்திலும் பங்குக்கு வந்துவிடுவாளோ என்று...

அவள் போனதும் மிச்சமிருந்த பிரதிகளை அட்டைப்பெட்டியில் போட்டு மேசைக்கடியில் தள்ளினேன். முதலாளி ஏன் என்று கேட்டார். "பிள்ளைங்க புக்குன்னு போட்டுட்டு உள்ளாற அடி, ரத்தம்னு இருக்குதுங்க. பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க." அவர் தலையாட்டிவிட்டார்.

மாலையில் பள்ளிச் சீருடையோடு ஒருத்தி தனியாக வந்தாள். நான் குனிந்தால்தான் கேட்கும் அளவுக்கு மெல்லப் பேசினாள்.

"அக்கா, அந்தக் கதவு புக்கு இருக்குதா? ஃப்ரெண்டுகிட்ட கொஞ்சம் படிச்சேன். அந்தப் பொண்ணு கடைசீல யார்கிட்டயாவது சொல்லுதான்னு தெரியணும்."

"தீர்ந்துபோச்சும்மா. உன் வயசுக்கு அதெல்லாம் எதுக்கு? அங்க படக்கதை இருக்கு பாரு."

அவள் ஒரு படக்கதையை எடுத்துப் புரட்டினாள். திரும்ப வைத்தாள். விரல்களை முதலில் மேசைமேல் பதித்து, புத்தகத்தை அவற்றின்மேல் இறக்கி, மெல்ல உருவினாள்.

சிறு ஓசையும் வரவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது! குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். என் கால் என்ன செய்தது தெரியுமா? பெட்டியை இன்னும் உள்ளே தள்ளியது. அந்த வயதில் எனக்கு யார் கொடுத்தார்கள் என்று நினைத்தேன். இவளுக்கு மட்டும் ஏன் என்று நினைத்தேன்... ஒரு பிள்ளையின் மேல் பொறாமை!

"பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டத்தில் அவள் மறைந்த பிறகுதான் ஓடினேன். காணவில்லை. மறுநாள் புத்தகங்களை மேலே அடுக்கினேன். யார் யாரோ வாங்கிப் போனார்கள். ஒன்றை எடுத்து வைத்தேன். அவள் வரவேயில்லை. அந்த ஒன்று இன்னும் என் பையில், எல்லா ஊருக்கும் என்னோடு வருகிறது.

இந்த ஆண்டும் நெய்வேலியில் கடை போட்டோம். மேசையருகே யார் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும், திரும்ப வைக்கும் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் பொத்தென்றுதான் போட்டார்கள்.